'பஸ் ஸ்டாண்ட் அருகில்' என்றால் எந்த பஸ் ஸ்டாண்ட்? சேலத்தில் அறை எடுக்கும் முன்

சேலத்தில் பஸ் ஸ்டாண்ட் இரண்டு. வெளியூர் பஸ்கள் மெய்யனூர்ப் பக்கம் உள்ள புதிய பஸ் ஸ்டாண்டுக்கு வரும். டவுன் பஸ்களுக்குக் கோட்டைக்கு அருகிலுள்ள பழைய பஸ் ஸ்டாண்ட். இடையே சுமார் 3 கி.மீ. ரயில்வே ஜங்ஷனோ சூரமங்கலத்தில், ஊருக்கு மேற்கே தனியாக இருக்கிறது. விருத்தாசலம் பாதை ரயிலில் வருகிறவர்கள் மட்டும் சேலம் டவுன் ஸ்டேஷனில் இறங்கலாம். கோட்டை அங்கிருந்து பக்கம்.

படி 1: பகுதியை முடிவு செய்யுங்கள்

கோயில், கடைவீதி பார்க்க வந்தவர்களுக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் சுற்றுவட்டாரம். காலையிலேயே ஏற்காடு ஏறுகிறவர்களுக்குப் புதிய பஸ் ஸ்டாண்ட் அல்லது ஐந்து ரோடு. ஜங்ஷன் பக்கம் தங்குவது விடியற்காலை ரயிலுக்கு மட்டுமே லாபம்; மற்றபடி மிச்சம் பிடித்த வாடகை ஆட்டோவுக்குப் போய்விடும்.

படி 2: போனில் கேட்க வேண்டியவை

எந்த பஸ் ஸ்டாண்ட் என்பது முதல் கேள்வி. வாடகை 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா என்பது அடுத்தது. அதிகாலை 4 மணிக்கு வந்து 12 மணிக் கணக்கில் அறை எடுத்தால், எட்டு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போகும். சாலையைப் பார்த்த அறை வேண்டாம், ஹாரன் தூங்க விடாது. ஆதார் அசலைக் கையில் வைத்திருங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டம், மே மாதத்தில் ஏற்காடு சீசன். இரண்டிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படி 3: பழைய ஊரை நடந்தே பாருங்கள்

சுகவனேசுவரர் கோயில், கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர் பெருமாள் கோயில் மூன்றும் நடை தூரத்தில். காலை 8 மணிக்குள் கிளம்புங்கள். சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும். அந்த இடைவெளியைச் செவ்வாய்ப்பேட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக் கொலுசுக் கடைகள் அங்கேதான். அங்குள்ள மொத்த வியாபாரச் சந்தையான லீ பஜாரில் மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நகராது, முன்னாலேயே இறங்கிவிடுங்கள். மாலையில் தட்டுவடை செட் (தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்தது) சாப்பிடாமல் அறைக்குத் திரும்புவது நியாயமில்லை.

படி 4: ஏற்காடு

சுமார் 30 கி.மீ., அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் புதிய பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும். வாந்தி வருகிறவர்கள் கடைசி சீட்டைத் தவிர்த்து, அரை வயிறு சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஏரி, அண்ணா பூங்கா மட்டும் போதுமென்றால் அன்றே இறங்கிவிடலாம். சேர்வராயன் கோயில், பகோடா பாயின்ட் என்று சுற்ற ஆசைப்பட்டால் ஓர் இரவு மேலேயே தங்குங்கள், ஆனால் சனிக்கிழமை வேண்டாம்.

கனமழையில் அடிவாரப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்துவதுண்டு. அப்போது குப்பனூர் வழிதான் மாற்று. சுற்று அதிகம் என்பதால், இறங்கும் நாளில் ரயில் டிக்கெட் இருந்தால் கையில் மூன்று மணி நேரமாவது கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.