ஆப்ட் முரண்டு பிடித்தால் எங்கே பார்ப்பது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதிலிருந்து கும்பகோணத்தில் என் சர்வீஸ் கடைக்கு ஒரே ஜாதகமுள்ள டெஸ்க்டாப்கள் வந்துகொண்டே இருக்கின்றன: நான்காம் தலைமுறை ஐ3, நாலு ஜிபி ராம், விண்டோஸ் 11 ஏறாது. ஒரு எஸ்எஸ்டி மாட்டி, உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளங்கள்) போட்டுக் கொடுத்தால் இன்னும் சில வருஷம் ஓடும். ஆனால் சில வாரத்தில் போன் வரும். "அண்ணே, ஒரு சாஃப்ட்வேர் ஏத்தப் போனேன், ஈ, ஈ-ன்னு என்னமோ வருது."

அந்த ஈ, எரர் என்பதன் முதலெழுத்து. அதைச் சொல்வது ஆப்ட், உபுண்டுவிலும் மின்டிலும் சாஃப்ட்வேரை ஏற்றவும் நீக்கவும் உதவும் கருவி. அதன் புதிய பதிப்புகளில் எரர் என்று முழுசாகவே வரும். போனில் நான் சொல்லும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன், டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். சூடோ என்று தொடங்கினால், நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்.

முதலில், கடைசி வரியை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அதில் "டிபிகேஜி ரிட்டர்ன்ட் அன் எரர் கோட் (1)" என்று இருக்கும். எல்லோரும் அதைத்தான் காப்பி செய்து கூகுளில் போடுகிறார்கள். டிபிகேஜி என்பது ஆப்டுக்கு அடியில் இருந்து பேக்கேஜை, அதாவது சாஃப்ட்வேர் கட்டை, உண்மையில் ஏற்றும் கருவி. உள்ளே ஏதோ தவறியது என்பதைத் தவிர அந்த வரியில் ஒரு விஷயமும் கிடையாது. மேலே உருட்டிப் போய், "எரர் ப்ராசஸிங் பேக்கேஜ்" என்று முதன்முதலில் எங்கே வருகிறது, எந்தப் பேக்கேஜின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேலே இருக்கும் நாலைந்து வரிகளில்தான் காரணம் இருக்கும். டெர்மினலை மூடிவிட்டீர்களா? வார் அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) லாக் (எல்-ஓ-ஜி, பதிவு), அதற்குள் ஆப்ட் என்ற அடைவில் டெர்ம் டாட் லாக் கோப்பைத் திறந்தால் பேக்கேஜ்கள் ஏறும்போது வந்த செய்தியெல்லாம் அப்படியே இருக்கும். பக்கத்திலேயே ஹிஸ்டரி டாட் லாக். எந்தத் தேதியில் எந்தக் கட்டளையால் எது ஏறியது, எது கழன்றது என்பது அதில் வரிசையாக இருக்கும். "நான் ஒண்ணுமே பண்ணலை" என்கிறவர்களின் மெஷினில் நான் முதலில் திறப்பது அதைத்தான்.

அடுத்து கடிகாரம். பழைய டெஸ்க்டாப் என்றால் இதைத் தவறாமல் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கி மாட்டியதும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். நெட் கிடைத்து நேரம் சரியாவதற்குள் அப்டேட் கொடுத்தால், "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்" என்று மறுத்துவிடும். எதிர்காலத் தேதியிட்ட பட்டியலை ஆப்ட் எப்படி நம்பும்? டைம்டேட்சிடிஎல் என்று தட்டினால் மெஷினின் நேரம் தெரியும். தேதி தப்பென்றால் பேட்டரியை மாற்றுங்கள். சாஃப்ட்வேர் கோளாறு என்று கடைக்கு வந்து, பட்டன் பேட்டரியோடு திரும்பிப் போனவர்கள் உண்டு.

"குட் நாட் கெட் லாக்" என்று வந்தால் பதறவே வேண்டாம். வேறொரு புரோகிராம் ஏற்கெனவே பேக்கேஜ் வேலையில் இருக்கிறது, அவ்வளவுதான். உபுண்டுவில் மெஷினைப் போட்டதும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடும். எந்த ப்ராசஸ் (ஓடும் புரோகிராம்) பூட்டை வைத்திருக்கிறது என்பதையும் செய்தியிலேயே அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திறந்து கிடக்கும் சாஃப்ட்வேர் சென்டர், அப்டேட் மேனேஜர், சினாப்டிக் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

"அந்த லாக் (பூட்டு) கோப்பை அழித்துவிடு" என்று ஒரு வைத்தியம் ஊரெல்லாம் சுற்றுகிறது. அதைச் செய்யாதீர்கள். கோப்பு அங்கே இருப்பதால் பூட்டு விழுவதில்லை. ஓடுகிற ப்ராசஸ் அந்தக் கோப்பின் மேல் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்) பூட்டு வாங்கியிருக்கிறது. ப்ராசஸ் முடிந்தால், செத்தால்கூட, பூட்டு தானாக விடுபடும். கோப்பை அழித்தால் இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் டிபிகேஜியின் பதிவேட்டில் கை வைக்கும்படி ஆகும். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

நடுவில் கரண்ட் போய்விட்டால், அடுத்த முறை "டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்" என்று சொல்லி, என்ன தட்ட வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

பாதியில் நின்ற பேக்கேஜ்களை அது விட்ட இடத்திலிருந்து முடித்துவைக்கும். அதற்குப் பிறகும் எதாவது தொங்கினால்:

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்

கரண்ட் போகாமலே இந்த நிலைக்கு வருகிறவர்களும் உண்டு. டிடிபி வேலை செய்கிறவர்கள் டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் எழுத்துருப் பேக்கேஜை ஏற்றுவார்கள். நடுவில் உரிம ஒப்பந்தம் ஒன்று டெர்மினலுக்குள்ளேயே ஒரு பெட்டியாக வரும், கீழே ஓகே என்று இருக்கும். மவுஸால் எத்தனை கிளிக் செய்தாலும் அசையாது. ஹேங் ஆகிவிட்டது என்று ஜன்னலையே மூடிவிடுவார்கள். டேப் விசையை அழுத்தி ஓகே மீது நிறம் வந்ததும் என்டர், அடுத்த பெட்டியில் எஸ் மீது நகர்த்தி மறுபடி என்டர். இவ்வளவுதான் சமாச்சாரம்.

"அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்" வந்தால் எழுத்துப்பிழையை முதலில் பாருங்கள், பிறகு சூடோ ஆப்ட் அப்டேட் கொடுங்கள். ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களைத் தட்டச்சு எழுத்தாக்குகிற ஒருவர், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட்டைத் தமிழ் என்ற பெயரோடு சேர்த்துத் தேடிக் கிடைக்கவில்லை என்றார். அந்தப் பேக்கேஜின் பெயர் டெசராக்ட்-ஓசிஆர்-டாம், கடைசியில் இருப்பது டி-ஏ-எம் என்ற மூன்றெழுத்து மொழிக்குறி. ஆப்ட் சர்ச் டெசராக்ட் என்று போட்டிருந்தால் பட்டியலில் கிடைத்திருக்கும். உபுண்டுவில் அது, தன்னார்வலர் சமூகம் பராமரிக்கும் யூனிவர்ஸ் பிரிவில் இருக்கிறது, அந்தப் பிரிவு திறந்திருக்க வேண்டும்.

இனி, உண்மையில் தலைவலி தரும் விஷயம்: "அன்மெட் டிபென்டன்சீஸ்". ஒரு பேக்கேஜ் இன்னொன்றை நம்பி நிற்கிறது, அது கேட்கும் பதிப்பு உங்களுக்குக் கிடைக்காத நிலை. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியங்களை (பேக்கேஜ்கள் இறங்கும் சர்வர்களை) மட்டும் வைத்திருக்கும் மெஷினில் இது அபூர்வம். எங்கேயோ ஒரு பிபிஏ (தனிநபரோ குழுவோ நடத்தும் வெளிக் களஞ்சியம்) சேர்த்திருப்பார்கள், அல்லது வேறு பதிப்புக்கான டெப் கோப்பை (தனியாக இறக்கிய பேக்கேஜ் கோப்பை) ஏற்றியிருப்பார்கள். கண்டுபிடிக்க ஒரே கட்டளை போதும்:

ஆப்ட் பாலிசி, அதன்பின் பேக்கேஜின் பெயர்

இன்ஸ்டால்ட் என்ற வரியில் இப்போது இருக்கும் பதிப்பு, கேன்டிடேட் என்ற வரியில் ஏற்றத் தயாராக இருக்கும் பதிப்பு, கீழே எது எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்ற விவரம். அடிக்கடி நான் பார்ப்பது இது: பிபிஏ ஒன்றிலிருந்து ஒரு லைப்ரரியின் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பகுதியின்) புதுப் பதிப்பு ஏறியிருக்கும். பிறகு பிபிஏ-வை எடுத்துவிட்டிருப்பார்கள், லைப்ரரி மட்டும் தங்கியிருக்கும். இப்போது அதன் டெவ் பேக்கேஜை (புரோகிராம் எழுதுவோருக்கானதை) ஏற்றப் போனால், அது அச்சு அசலாக உபுண்டுவின் பழைய பதிப்பைத்தான் கேட்கும். புதுசு இருந்தும் பிரயோஜனமில்லை. பெயருக்குப் பின் சமக்குறி போட்டு, பாலிசி காட்டும் உபுண்டு பதிப்பின் எண்ணைக் கொடுத்து இன்ஸ்டால் செய்தால் லைப்ரரி கீழிறங்கும், முடிச்சு அவிழும். நிறைய பேக்கேஜ்கள் அப்படி ஏறியிருந்தால், பிபிஏ-பர்ஜ் என்ற கருவி மொத்தத்தையும் திருப்பிவிடும். எடுத்த பிபிஏ-வை மறுபடி சேர்த்துவிட்டு அதை ஓட்டுங்கள்.

மின்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிப் பொறி. மின்ட் 22-இன் செல்லப்பெயர் வில்மா. அதன் அடித்தளம் உபுண்டு 24.04, அதாவது நோபில். டாக்கர் போன்ற வெளிச் சாஃப்ட்வேர்களுக்கான பழைய கையேடுகள் உங்கள் சிஸ்டத்தின் செல்லப்பெயரைக் கேட்டு அதைக் களஞ்சிய முகவரியில் செருகும். வில்மா என்று ஒரு கிளை அங்கே ஏது? "டஸ் நாட் ஹேவ் எ ரிலீஸ் ஃபைல்" என்று வரும். எட்ஸி (இ-டி-சி) அடைவில், ஆப்டுக்குள், சோர்சஸ் டாட் லிஸ்ட் டாட் டி என்ற அடைவில் அந்தக் களஞ்சியத்துக்கான கோப்பைத் திறந்து வில்மாவை நோபில் ஆக்குங்கள்.

டெப் கோப்பைத் தனியாக இறக்கியிருந்தால் டிபிகேஜி -ஐ என்ற கட்டளை வேண்டாம், அது சார்புகளை (அந்தப் பேக்கேஜ் நம்பி நிற்கும் மற்றவற்றை) இழுத்து வராது. கோப்பு இருக்கும் அடைவுக்குப் போய் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று தட்டி, புள்ளி, சாய்கோடு, கோப்பின் பெயர் கொடுங்கள். "அன்சேண்ட்பாக்ஸ்ட்" என்று கடைசியில் ஒரு குறிப்பு வந்தால் கண்டுகொள்ளாதீர்கள், கேடில்லை.

எது செய்தாலும், ஒய் தட்டும் முன் "ரிமூவ்ட்" (புதிய ஆப்டில் "ரிமூவிங்") என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்று படியுங்கள். 2021-இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை ஏற்றப்போய் டெஸ்க்டாப்பையே இழந்த கதை உலகம் பார்த்தது. அந்தப் பேக்கேஜில் சார்புச் சிக்கல் இருந்தது. எதையெல்லாம் கழற்றப் போகிறேன் என்று ஆப்ட் பட்டியலிட்டு, "எஸ், டு ஆஸ் ஐ சே!" என்று முழு வாக்கியத்தைத் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். அதன்பிறகு ஆப்ட் உருவாக்குநர்கள் அந்தக் கதவையே இறுக்கிவிட்டார்கள். சந்தேகமிருந்தால் கட்டளையில் -எஸ் சேர்த்து ஓட்டுங்கள், எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும் காட்டும்.

"நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்றால் டிஎஃப் -எச் தட்டி எங்கே இடம் தீர்ந்தது என்று பாருங்கள். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்களுக்கு பூட் தனிப் பிரிவாக இருக்கும், பழைய கெர்னல்கள் சேர்ந்து அது நிரம்பியிருக்கலாம். சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் தட்டினால் தேவையற்ற பழையவை நீங்கும். மற்றவர்களுக்கு சூடோ ஆப்ட் க்ளீன், இறக்கிவைத்த டெப் கோப்புகளை அழித்து இடம் தரும். "ஹேஷ் சம் மிஸ்மேட்ச்" என்றால் பெரும்பாலும் மிரர் சர்வர் (மெயின் சர்வரின் நகல்) பாதிப் புதுப்பிப்பில் இருக்கும், அல்லது நடுவில் ஒரு ப்ராக்ஸி பழைய நகலைத் தரும். இந்திய மிரரிலிருந்து மெயின் சர்வருக்கு மாறி மறுபடி அப்டேட் கொடுங்கள்.

உபுண்டுவின் களஞ்சியங்களே எல்லா வரியிலும் 404 (கோப்பு இல்லை) என்றால் பதிப்பின் ஆயுள் முடிந்திருக்கும். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) அல்லாத உபுண்டுவுக்கு ஒன்பது மாதம்தான் ஆதரவு. அதன்பின் கோப்புகளை ஓல்ட்-ரிலீசஸ் சர்வருக்கு நகர்த்திவிடுவார்கள். களஞ்சிய முகவரிகளை அங்கே திருப்பினால் அப்டேட் ஓடும், பிறகு அடுத்த பதிப்புக்கு ஏறலாம். அந்த அளவுக்குப் பழசாகிவிட்ட மெஷினை நான் ஏற்றுவதில்லை. ஹோம் அடைவை நகலெடுத்துக்கொண்டு, புதிதாக எல்டிஎஸ் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.