வார்டு மாற்றும்போது வரும் பதற்றத்தைக் கையாளுதல்

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பொது வார்டுக்கு மாற்றுகிறார்கள் என்றால், பெரும்பாலும் உடல்நிலை தேறிவருகிறது என்றே பொருள். ஆயினும், தலைமாட்டில் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்த மானிட்டர் நின்றதும், இனி நம்மைக் கவனிக்க ஆளில்லையோ என்று நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடுகிறது. நாகர்கோவிலில் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த என் தாயார், ஸ்ட்ரெச்சர் அருகில் வந்ததும் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகவே, காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதே, இன்று என்ன மாறும், எப்போது மாறும், மாறிய பின் ஒரு தேவை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு, பதிலை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பயந்த மனதில் கேட்டது தங்காது. டியூட்டி மாறும்போது புதிதாக வரும் சிஸ்டரின் பெயரையும் கேட்டு நோயாளியிடம் சொல்லுங்கள். கட்டில் மாறினாலும் கூடவே வரும் ஒரு வீட்டுப் பொருள் இருக்கட்டும். அடுத்த முறை எக்ஸ்ரேக்கு அழைத்துச் செல்வதை அரைமணி நேரம் முன்பே சொன்னபோது, அம்மா வீட்டிலிருந்து வந்த தம் பழைய துவர்த்தை, அதாவது துண்டை, தாமே மடித்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

படபடப்பு ஏறும்போது, 4 எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்றே நிதானமாகும். தையல் வலித்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், அதைப் பயம் என்று நாமே முடிவுசெய்யாமல் உடனே சிஸ்டரை அழைக்க வேண்டும். முதியவர் திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசினாலும் அப்படியே. அது வெறும் பதற்றமன்று, சிகிச்சை தேவைப்படும் மனக்குழப்பம். மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும், இன்று என்ன கிழமை என்று அடிக்கடி சொல்வதும் அந்தக் குழப்பம் வராமல் தடுக்க உதவும்.

நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து கேரளத்தின் திருவனந்தபுரத்துக்கு அனுப்பும்போதுதான் பலர் நொறுங்கிப்போகிறார்கள். எங்கள் குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்தவருக்கு மலையாளம் பழகிய மொழி. கிழக்கே தோவாளைப் பக்கத்து மூதாட்டிக்கு மொழியே ஒரு பயம். துணைக்கு நிற்பவரை அங்கே கூட்டிரிப்புக்காரர் என்பார்கள் என்பதையும், வேதன, தாஹம், தலசுற்றல் என்று நம் சொற்களைப் போலவே சொன்னால் அவர்களுக்குப் புரியும் என்பதையும் புறப்படும் முன்பே சொல்லிவையுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளிலும் இதே பதற்றம் வரும். எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதித்தரக் கேளுங்கள். வீடு திரும்பிய பிறகும் உறக்கமின்றிப் பயம் நீடித்தால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.