காலை எடுத்த பிறகும் பிடித்திருக்கும் பிரேக்: வீட்டில் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருந்தால், வண்டி ஓட்டுபவருக்கு அது தெரிந்துவிடும். நியூட்ரலில் உருண்டு போக வேண்டிய கார் சட்டென்று நின்றுவிடும். மைலேஜ் குறையும். இறங்கினால் கருகல் வாடை வரும். பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதே ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். இதைப் பார்த்ததும் பலர் செய்வது, புது பேட் (உரசிப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்தும் கட்டை) வாங்கி மாட்டுவது. அதுதான் முதல் தவறு. பேட் தேய்ந்தது விளைவுதான். சக்கரத்தை விடாமல் பிடித்திருப்பது வேறொன்று. அதைக் கண்டுபிடிக்காவிட்டால் புது பேட்டும் அதே போலக் கருகும்.

முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு), பின்னால் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம்) உள்ள ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ மாதிரியான கார்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நம் தெருக்களில் நிற்பவை பெரும்பாலும் இவைதான்.

எந்தச் சக்கரம் என்று பார்க்க டிஸ்கில் கை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டி, தானாக உருண்டு நிற்கவிட்டு, ரிம்மின் அருகே புறங்கையைக் கொண்டுபோனால் போதும். முன் சக்கரத்தை முன் சக்கரத்தோடும், பின் சக்கரத்தைப் பின் சக்கரத்தோடும் ஒப்பிடுங்கள். முன் பிரேக்குகள் எப்போதும் கூடுதலாகச் சுடும் என்பதால், முன்னையும் பின்னையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். சூடாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றுவது இன்னொரு தவறு. டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசல்கூட விடலாம்.

ஜாக்கி வைக்கும்போது அவசரம் கூடாது. பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டியிருக்கும். அப்போது தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைக்காவிட்டால் வண்டி நழுவும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. கெட்டியான சமதரையில் ஸ்டாண்ட் போட்ட பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். டிஸ்க் பிரேக்கில் பேட் லேசாக உரசும் சத்தம் இயல்பானது, அதைக் கேட்டுப் பயந்து எதையும் பிரிக்க வேண்டாம். கையால் சுற்றவே முடியாமல் இறுகியிருந்தால்தான் கோளாறு.

நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவது பிளீடர் சோதனையை. பலர் இதைச் செய்யாமலேயே, பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரை மாற்றிவிடுகிறார்கள். சக்கரம் இறுகியிருக்கும் அந்த நேரத்திலேயே, காலிப்பரில் ஆயிலை வெளியே விட இருக்கும் சிறு திருகான பிளீடர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, நிப்பிளை அரைச் சுற்று தளர்த்துங்கள். சக்கரம் உடனே விட்டால், பிரேக் ஆயிலின் அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே சிக்கியிருக்கிறது. விடாவிட்டால், காலிப்பரிலேயே ஏதோ இறுகியிருக்கிறது. வண்டி ஆறிய பிறகு இதைச் செய்து பயனில்லை. ஓடிச் சூடான பிறகு மட்டும் பிடித்து, ஆறியதும் விட்டுவிடும் கோளாறுகள் நிறைய உண்டு.

அழுத்தம் சிக்கியிருந்தால், அடுத்த கேள்வி எத்தனை சக்கரம் என்பது. ஒரே சக்கரம் என்றால் ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்கலாம். உள்சுவர் ஊதிப்போன ஹோஸ், பெடலை மிதிக்கும்போது ஆயிலை உள்ளே விடும், காலை எடுத்தால் திரும்ப விடாது. வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும் என்பதால் ஏமாந்துவிடுகிறோம். முன் இடதும் பின் வலதும் சேர்ந்து பிடித்தால் குழம்ப வேண்டாம். முன்சக்கர இழுவை கார்கள் பலவற்றில் பிரேக் லைன் குறுக்காகத்தான் பிரிக்கப்பட்டிருக்கும். அப்போது, பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். நான்குமே பிடித்தால், மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோடு (கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பாகம்) இணைக்கும் நட்டுகளை இன்ஜின் ஆஃபில் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். சக்கரங்கள் விட்டுவிட்டால், உள்ளே புஷ்ராடுக்கு (மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பி) இருக்க வேண்டிய இடைவெளி இல்லை என்று அர்த்தம்.

நான்கு சக்கரமும் பிடிப்பதற்கு இன்னொரு காரணம், தெரியாமல் ஊற்றிய தவறான ஆயில். டாட் 3, டாட் 4 என்று பிரேக் ஆயிலின் வகையை மூடியில் போட்டிருப்பதைப் படிக்காமல் இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிவிடும். வண்டியில் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடிக்குள் இருக்கும் ரப்பர் உப்பிப்போயிருந்தால் சந்தேகம் உறுதி. ஆயிலை மட்டும் மாற்றினால் தீராது, அது தொட்ட ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். பிரேக் பாகங்களை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவதும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

காலிப்பரிலேயே இறுக்கம் என்றால் முதலில், காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைடு பின்களைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்கப் பேடும் வெளிப்பக்கப் பேடும் சமமாகத் தேயாமல் இருந்தால் பெரும்பாலும் இவைதான். துருவைத் துடைத்துவிட்டு சாதாரண சேசிஸ் கிரீஸைத் தடவுவது பரவலான தவறு. அது ரப்பரை ஊத வைத்துப் பின்னை மறுபடி இறுக்கும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் வேண்டும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சில மாடல்களில் வேறு வேறு, மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

பேடைத் தள்ளும் பிஸ்டனை இழுத்துக்கொள்ள காலிப்பருக்குள் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. மிதிக்கும்போது வளைந்து கொடுக்கும் ரப்பர் சீல், காலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் துளி பின்னுக்கு இழுக்கிறது. அவ்வளவுதான். அதனால் பிஸ்டனில் துருக்குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அது கோணலாகச் சிக்கும். பழைய பேடை வைத்து, சி கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள். அப்போது ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். சிந்தினால் பெயின்ட் போய்விடும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

பின்னால் டிரம்மில், ஹேண்ட் பிரேக் கேபிளை முறுக்கி முறுக்கி இறுக்குவதுதான் பெரிய தவறு. ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டை) தேய்ந்ததற்குக் கேபிளை இறுக்கினால் சக்கரம் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். கேபிளைத் தளர்த்தி, ஷூவைச் சரிசெய்த பிறகு, கடைசியாகத்தான் கேபிள். மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டே பல நாள் நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. அப்போதும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஓட்ட வேண்டாம், லைனில் காற்று இருக்கிறது. அதை வெளியேற்றும் பிளீடிங் வேலை தெரியாவிட்டால் மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள். பெடல் கெட்டியாக இருந்தால் காலியான தெருவில் மெதுவாக ஓட்டிப் பழகிவிட்டு, முன்பு போலவே ஏழெட்டு கிலோமீட்டர் போய் இரண்டு பக்கச் சூட்டையும் மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.