அரசுப் பள்ளியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மின்சாரத்தை மிச்சப்படுத்த நிதி கேட்பது எப்படி?

"எங்கள் பள்ளிக்கு மின்சிக்கன உதவி வழங்குமாறு வேண்டுகிறோம்" என்று ஒற்றை வரியில் போன மனு ஒன்றை எனக்குத் தெரியும். பதிலே வரவில்லை. எதற்கு, எவ்வளவு, என்ன மிச்சம் என்பது இல்லாத காகிதத்தில் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? ஆகவே முதலில் எண்ணுங்கள், பிறகு கேளுங்கள்.

படி 1: இரண்டு மாதத்துக்கு ஒன்றாக, ஓராண்டின் ஆறு மின்கட்டண ரசீதுகளையும் எடுத்து யூனிட்டுகளைக் கூட்டுங்கள்.

படி 2: ஒரு நோட்டுடன் அறை அறையாகப் போங்கள். விசிறி, டியூப்லைட், மோட்டார், குளிர்பெட்டி எல்லாவற்றையும், அவை ஓடும் மணி நேரத்தோடு எழுதுங்கள். சுவரில் பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் கைவைத்துப் பாருங்கள். சுடும். வேகத்தைக் குறைத்தாலும் மின்சாரம் வெப்பமாய் வீணாகிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

படி 3: கணக்கு. அவசரப்படாதீர்கள், பலரும் சறுக்கும் இடம் இது. பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார்) விசிறி 30 வாட் அளவில் ஓடும். மிச்சம் 45 வாட். பள்ளியில் நாளுக்கு 7 மணி, ஆண்டுக்கு 200 நாள் என்றால் விசிறிக்கு 63 யூனிட் மிச்சம். யூனிட் 7 ரூபாய், விசிறி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் போட்ட பணம் திரும்ப ஏழு ஆண்டு ஆகும். அதே விசிறி இரவுபகலாய்ச் சுழலும் மருத்துவமனை வார்டில் ஆண்டுக்கு 394 யூனிட் மிச்சம். பதின்மூன்றே மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். எனவே வார்டில் உடனே மாற்றுங்கள். வகுப்பறையில் எரிந்துபோனதை மட்டும் மாற்றினால் போதும் என்பேன். வாங்கும்போது மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டைப் பாருங்கள். கூரை விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் அது கட்டாயம்.

படி 4: எந்தக் கதவைத் தட்டுவது? சிறு வேலைகளுக்கு, மத்திய அரசும் பணம் தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா) பள்ளி மானியம். 100-க்கு மேல் 250 வரை மாணவர்கள் இருந்தால் விதிப்படி ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் கையில் இருக்கட்டும். இந்த ஒரு குழாயை மட்டும் நம்பாதீர்கள். 2024-இல் மத்திய அரசு இத்திட்டத்தில் தமிழ்நாட்டின் தவணையை நிறுத்திவைத்தது நினைவிருக்கும்.

கூரைமேல் சூரிய மின்தகடு போன்ற பெரிய செலவுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியை நாடலாம். ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் அனுமதிக்கும். மனுவின் நகலை ஆட்சியருக்கும் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையமானால் மருத்துவ அலுவலரிடம் பேசி, நிலையத்தின் நிதியைச் செலவிட முடிவெடுக்கும் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் மனுவை வைக்கச் சொல்லுங்கள். நன்கொடையாளர்களை நாட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் உண்டு. ஆனால் அது அரசுப் பணமன்று.

படி 5: மனு ஒரு பக்கம் போதும். படி 3-இன் கணக்கை அட்டவணையாக்கி, விலைப்புள்ளிகளை இணைத்து, ஜூன், ஜூலையிலேயே கொடுங்கள். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பிப்ரவரியில் போனால் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்பார்கள்.

பணம் வந்து வேலை முடிந்ததும், கழற்றிய விசிறிகளைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அவை இருப்புப் பதிவேட்டில் உள்ள அரசுச் சொத்து. முறைப்படி கழிவு செய்ய ஆணை வரும்வரை ஓர் அறையில் பூட்டி வையுங்கள்.