இரண்டாவது மிதியில்தான் பிடித்த பிரேக்

என் கார் 1931 ஃபோர்டு மாடல் ஏ கூப்பே, இரண்டு கதவு வண்டி. கையில் காசு குறைவு, அதனால் ஒஹாயோவில் பழைய கார் பிரிக்கும் இடங்களில் அலைந்து செவ்ரோலெட் 350 வி8 எஞ்சின், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அந்தக் காரோடு வந்த பழைய பிரேக் கம்பியால் இழுக்கும் வகை. ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஃபோர்டு மாறியதே 1939 மாடலில்தான். இந்த எஞ்சினுக்கு அந்தக் கம்பி பிரேக் போதாது.

எல்லாம் மாட்டியதும், முதல் மிதியில் பெடல் தரைவரை போனது. இரண்டாவது மிதியில்தான் பிடித்தது. குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற மூன்று தடவை ஏர் எடுத்தேன். ஒழுகலும் இல்லை. ஒரு வாரம் தூக்கமே இல்லை. அப்புறம்தான் புரிந்தது: பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் காரின் தரைக்கு அடியில் வைத்திருந்தேன், அது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வு. பெடலை விட்டதும் பிரேக் ஆயில் மெல்ல இறங்கித் திரும்பிவிடுகிறது.

பெடலை விட்டாலும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரெசிடுவல் வால்வு போட்டேன்: டிஸ்க் குழாயில் 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), டிரம் குழாயில் 10 பிஎஸ்ஐ. மாற்றிப் போட்டுவிடாதீர்கள், டிஸ்க்கில் 10 போட்டால் பேட் ஒட்டிக்கொண்டே ஓடிச் சூடாகும். மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே வால்வு இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள்.

இப்போது முதல் மிதியிலேயே நிற்கிறது. சரி, பெயின்ட் அடுத்த வருஷம்.