ஊர் நினைவுகளை நூலகத்தில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பில் முதன்முதலாக ஊர் வரலாற்றுக் கூட்டம் நடத்தியபோது, 1952ஆம் ஆண்டுப் புயலை நேரில் பார்த்த ஒரு பெரியவரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆட்டோவில் அழைத்துவந்தோம். கூட்டம் நாலரை மணிக்குத் தொடங்கியது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்களின் பேச்சு, பொன்னாடை என்று ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. அவர் கைக்கு மைக் வந்தபோது மணி ஆறு. பத்து நிமிடம் பேசியிருப்பார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஆட்கள் எழுந்துவிட்டார்கள். அடுத்த ஆடியில் அவர் காலமானார். அந்தப் பத்து நிமிடம்தான் இன்று எங்களிடம் இருக்கிறது. அதிலும் பாதி மின்விசிறிச் சத்தம்.

இப்போது பல ஊர் நூலகங்களில் இத்தகைய முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. நாங்கள் இழந்ததை மற்றவர்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, நினைவு சேகரிப்பை விழாவாக நடத்துவது. மேடையில் ஏற்றினால் எவருமே பேச்சாளராகிவிடுவார். “அந்தக் காலத்தில் மக்கள் ஒற்றுமையாக இருந்தார்கள்” என்ற அளவில் பொதுவாகப் பேசி முடித்துக்கொள்வார். அவருடைய வீட்டுத் திண்ணையில், பழகிய முகங்கள் இரண்டு பேர் மட்டும் எதிரில் உட்கார்ந்தால் பேச்சு வேறு மாதிரி வரும். பதிவை அங்கே செய்யுங்கள். அதைப் போட்டுக் கேட்பதற்கு ஊரைக் கூட்டுங்கள்.

கேள்வியும் முக்கியம். “அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று கேட்டால் “ரொம்பக் கஷ்டம்” என்ற பதிலோடு நின்றுவிடும். பிறகு ஒரு மூதாட்டியிடம் நாங்கள் வேறு மாதிரி கேட்டோம். புயல் அடித்த இரவு எங்கே படுத்திருந்தீர்கள்? கூரை எந்தப் பக்கம் முதலில் பிய்ந்தது? மறுநாள் என்ன சாப்பிட்டீர்கள்? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நனைந்து முளைவிடத் தொடங்கிய நெல்லை அவருடைய அம்மா சட்டியில் வறுத்து இடித்ததையும், அந்த அரிசிக் கஞ்சியில் அடித்த புகை நாற்றத்தையும் சொன்னார். அந்தச் சில நொடி மௌனத்தில் நாங்கள் அடுத்த கேள்வியை எடுத்திருந்தால் கஞ்சி வந்திருக்காது. பேசுகிறவர் நிறுத்தினால் நீங்களும் பொறுத்திருங்கள்.

ஒலிப்பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள். செல்பேசியை மேசை மீது தூரத்தில் வைக்காமல், மடித்த துண்டின் மேல் அவருக்கு அருகில் வையுங்கள். அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகும் என்பதால் முதலிலேயே செல்பேசியை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். தொடங்கும்போதே தேதி, இடம், பேசுகிறவர் பெயர், கேட்கிறவர் பெயர் ஆகியவற்றை உரக்கச் சொல்லிப் பதிந்துவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரல் அடையாளம் சொல்லும்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. நம் பெரியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத் தேதியில் நினைவு வைப்பதில்லை. “குரோதி வருஷம்” என்பார்கள். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிறவை. தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 குரோதி; 2024இல் பிறந்ததும் குரோதி. பெரும் பஞ்சம் தொடங்கிய 1876 தாது, 1936 தாது, 1996 தாது. “தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் தாத்தா இந்த ஊருக்கு வந்தார்” என்று ஒருவர் சொன்னால் எந்தத் தாது என்று தலைமுறைகளை எண்ணிப் பார்த்துதான் எழுத வேண்டும். காவிரிப் படுகையில் 1952 புயலும் 1955 புயலும் ஒன்றாகக் கலந்துவிடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்போது உங்களுக்குத் திருமணமாகிவிட்டதா, மூத்த பிள்ளை பிறந்துவிட்டானா என்று கேட்டால் தெளிந்துவிடும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பி வயதைக் கணக்கிடாதீர்கள். சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாகப் போட்ட தேதிகள் அவற்றில் ஏராளம்.

அதற்காக, பேசிக்கொண்டிருப்பவரை நிறுத்தி “தப்பு, அது 1955” என்று திருத்துவது அதைவிடப் பெரிய பிழை. அவர் அத்தோடு சுருங்கிவிடுவார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே வைத்துக்கொண்டு, சரிபார்த்ததைத் தனிக் குறிப்பாக எழுதுங்கள். நினைவு ஒன்று, ஆவணம் ஒன்று. இரண்டும் மாறுபடும் இடத்தில்தான் பல சமயம் நல்ல கேள்வி கிடைக்கிறது.

ஊர்ப் பெருமைக்காக எழுதுவதையும் இங்கே சொல்ல வேண்டும். “எங்கள் ஊர் ஆயிரம் ஆண்டுப் பழமையானது” என்று பதாகையில் போட்டுவிடுகிறோம். ஊர்ப்பெயருக்கு ஒரு ராஜா கதையும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கதை மக்கள் வழக்கில் இருப்பதே ஒரு செய்திதான். அதை வழக்குக் கதை என்று குறித்துப் பதிவு செய்யுங்கள். ஆனால் கோயில் கல்வெட்டு வாசிக்கப்பட்டிருக்கிறதா, அதில் ஊரின் பழைய பெயர் என்ன என்று தேடாமல் கதையை வரலாறாக அச்சிட்டுவிட்டால், அடுத்த தலைமுறை மாணவர்கள் நூலகத்தின் பெயரைச் சொல்லியே அதை மேற்கோள் காட்டுவார்கள். மாவட்ட ஆவணங்களில், பத்திரங்களில், பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் தேடிப்பார்க்க ஒரு மாதம் கூடுதலாக ஆகட்டும்.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு ஒன்று உண்டு. எங்கள் முதல் பட்டியலில் பதினான்கு பெயர்கள் இருந்தன. எல்லாமே ஆண்கள். எல்லாமே தேரோடும் வீதிகளையும் கடைத்தெருவையும் சேர்ந்தவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், மிராசுதாரர் வீட்டுப் பேரன், கோயில் தர்மகர்த்தா. காலனித் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை என்பதை நாங்களாக உணரவில்லை. நூலகத்துக்குப் பத்திரிகை படிக்க வரும் ஒரு கல்லூரி மாணவி, “எங்கள் பாட்டியை யாரும் கேட்கவில்லையே” என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதன்படிதான் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. எந்தத் தெருவில் இருந்தாலும் வரி கட்டுகிறவர்களின் பணத்தில் நடக்கிற இடம் இது. அங்கே ஊர் வரலாறு என்ற பெயரில் பாதி ஊரை மட்டும் வைத்திருக்க நமக்கு உரிமை இல்லை. எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கக்கூடாது, டீக்கடையில் யாருக்குத் தனிக் குவளை, பள்ளியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் ஊரின் வரலாறுதான். 1968 டிசம்பர் 25 இரவில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி எங்கள் பகுதியிலிருந்து தொலைவில் இல்லை. கூலிக்காக நடந்த போராட்டங்களை நினைவில் வைத்திருக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நூலகத்துக்கு வரச் சொல்லிக் காத்திருப்பது பயன்படாது. நூறு நாள் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, அவர்கள் வசதிப்பட்ட நேரத்தில், அவர்கள் தெருவுக்கு நாம் போக வேண்டும். அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவரே கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.

இத்தகைய நினைவுகளை வாங்கும்போது சம்மதம் மிக முக்கியம். “பேசினாரே, அதுவே சம்மதம்” என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதைப் பொதுவில் போடலாம், எதைப் பெயர் சொல்லாமல் போடலாம், எதை இருபது ஆண்டுகளுக்குத் திறக்கவே கூடாது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, எளிய தமிழில் எழுதிப் படித்துக்காட்டிக் கையொப்பமோ கைநாட்டோ வாங்குங்கள். அடுத்த வாரம் அவர் மனம் மாறினால் நீக்கிவிட வேண்டும். நிலத் தகராறும் குடும்பத்து மரணங்களும் பேச்சில் தானாக வந்து விழும். அந்த ஊரிலேயே தொடர்ந்து வாழ வேண்டியவர் அவர்தான்.

புகைப்படங்களில் நாங்கள் பட்ட பாடு தனி. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். அப்படி வந்த படங்கள் சுருங்கி, பெரிதாக்கினால் முகம் மங்கிப்போயின. மூலப் படத்தை ரசீது கொடுத்து வாங்கி, நூலகத்திலேயே 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்து, அன்றே திருப்பிக் கொடுப்பதுதான் சரி. பழைய படத்தை லேமினேட் செய்யக்கூடாது, செல்லோடேப் ஒட்டக்கூடாது, பின்புறம் பேனாவால் எழுதக்கூடாது. படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாகக் கேட்டு அப்போதே எழுதிவிடுங்கள். “நடவு நடும் பெண்கள்” என்று தலைப்பிட்டு ஒரு படத்தை நாங்கள் சுவரில் மாட்டியிருந்தோம். ஒரு பெண்மணி அதன் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, மூன்றாவதாகக் குனிந்திருப்பவரைத் தொட்டுக் காட்டி, “இது எங்கள் அம்மா” என்றார். அவரிடம் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. பிரதி எடுத்துக் கொடுத்தோம், தலைப்பையும் மாற்றினோம்.

துண்டுக் காகிதம் என்று எதையும் தள்ளிவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் சேர்த்துவைத்தவர். அவர் 1992இல் மறைந்தார். அவருடைய சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் இன்று ஆய்வாளர்கள் அந்தக் காகிதங்களைத் தேடிப் போகிறார்கள். உங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ், பழைய ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தான்.

சேர்த்ததை ஒரே இடத்தில் வைப்பது கடைசித் தவறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சிறு வெளியீடுகளையும் மின்வடிவாக்கி எவரும் படிக்கத் திறந்துவைத்திருப்பதன் அருமை அந்த இழப்பை நினைத்தால் விளங்கும். நம் ஊர்களில் தீயே வேண்டியதில்லை. பதிவுகள் இருந்த செல்பேசி பழுதானால் போதும். நூலகக் கணினியில் ஒன்று, வெளியே வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று பிரதிகள் வேண்டும். யார், எந்த ஊர், எதைப் பற்றி, எந்த நிமிடத்தில் என்று ஒரு பதிவேடும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஐம்பது மணி நேரப் பதிவில் ஒரு குளத்தின் பெயரைத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது. பேசியவரின் குடும்பத்துக்கும் ஒரு பிரதி கட்டாயம் கொடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, முதலில் சொன்னேனே, அந்தப் பெரியவரின் மனைவியைப் பார்க்கப் போகிறோம். அன்றைய கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். புயலின்போது அவருக்கு எட்டு வயது. பிறந்த ஊர் கடலுக்கு இன்னும் அருகில். அன்று அவரிடம் நாங்கள் எதுவுமே கேட்கவில்லை.