சொல்லாமல் நழுவாதீர்கள்

குழந்தை பொம்மையில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து நைசாக நழுவாமல், செருப்பு மாட்டும் முன் குனிந்து அதன் முகத்தைப் பார்த்து "நீ தூங்கி எழுந்ததும் அம்மா வந்துடுவேன்" என்று ஒரே வரி சொல்லி, கையசைத்துவிட்டு உடனே கிளம்பிவிடுங்கள். அழும், அழட்டும். வாசல் வரை போய் நாலு தடவை திரும்பி வந்து கொஞ்சினால்தான் அழுகை நீளும்.

8 மாதம் முதல் ஒன்றரை வயது வரை பிரிவுப் பயம் அதிகம். திடீரென்று மறைந்துபோனால், அடுத்து எப்போது காணாமல் போவீர்களோ என்று காலைக் கட்டிக்கொண்டு குளியலறைக்குக்கூட விடாது. மணி கணக்கு அதற்குப் புரியாது, தூக்கம் புரியும். 1970களில் உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் குழந்தைகளிடம் கவனித்ததும், பிரியும்போது அழுததைவிட அம்மா திரும்பி வந்ததும் எப்படிச் சமாதானமாகிறார்கள் என்பதைத்தான். அதனால் வந்ததும் போனை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தூக்கிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. எப்போது திரும்புவீர்கள் என்று உங்களுக்கே தெரியாவிட்டால் நேரம் சொல்லாதீர்கள், "வந்துடுவேன்" போதும். வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் அழுதுகொண்டே இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.